புதுப்பிப்பு டைமர்களில் சமவாய்ப்புத் தாமதம்: எதற்காக இருக்கிறது, எங்கே கட்டுப்படுத்தலாம்?

கருந்திரை:

வணக்கம். நான் பராமரிக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்களில் ஓடுபவை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாகவே நிறுவப்பட வேண்டும் என்பதற்காக எல்லாவற்றிலும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பொதியை இயக்கி வைத்திருக்கிறேன். பராமரிப்புக்கென்று எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை. அந்த நேரத்துக்கு வெளியே எந்தச் சேவையும் மறுதொடக்கம் ஆகக்கூடாது என்பது விதி.

பொதிகளை நிர்வகிக்கும் ஆப்ட் கருவியின் ஆப்ட்-டெய்லி டைமர் கோப்பைத் திறந்து பார்த்தால் 6 மணி, 18 மணி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் பதிவேட்டில் பார்த்தால் ஒரு நாள் காலை 9 மணிக்கும், மறுநாள் மாலை 4 மணிக்கும், அதற்கடுத்த நாள் நள்ளிரவைத் தாண்டியும் ஓடியிருக்கிறது. ஒரே படிமத்திலிருந்து உருவாக்கிய இரண்டு சர்வர்கள்கூட ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் கட்டளை காட்டும் அடுத்த நேரமும், டீமன்-ரீலோடு (அமைப்புக் கோப்புகளை மீண்டும் படிக்கவைக்கும் கட்டளை) கொடுத்த பிறகு பார்த்தால் வேறாகிவிடுகிறது.

டைமரின் நேரத்தோடு சமவாய்ப்புத் தாமதம் சேர்க்கும் ரேண்டமைஸ்டு-டிலே-செக் என்ற வரிதான் காரணம் என்று தெரிகிறது. என் கேள்விகள் இவை. அதைச் சுழியாக்கிவிட்டால் வேறு ஏதாவது கெட்டுப்போகுமா? ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியானதிலிருந்து எங்கள் சர்வரில் நிறுவப்படும் வரை அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும் என்று தணிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை எப்படிக் கணக்கிடுவது? கடைசியாக ஒன்று: பழைய சர்வர் ஒன்றில், கிரான்டாப் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் அட்டவணை) வரியிலேயே ஸ்லீப் கட்டளையோடு சமவாய்ப்புத் தாமதம் வைத்து யாரோ எழுதியிருக்கிறார்கள். அந்த வேலை ஓடியதற்கான தடயமே இல்லை. அது ஏன்?

வேர்ப்பயனர்:

சுழியாக்கிவிடுங்கள். நான் நிர்வகிக்கும் எல்லா இயந்திரங்களிலும் அப்படித்தான். அதிகாலை 2 மணி என்றால் 2 மணிக்கே ஓட வேண்டும். தாமதம் என்பது பொது மிரர்களை (பொதிகளின் நகலை வைத்து வழங்கும் சர்வர்களை) நடத்துபவர்களுடைய கவலை; அதை நம் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

பொதிக்காவலர்:

வேர்ப்பயனர் அவர்கள் சொல்வதில் பாதி சரி. மிரர் நடத்துபவர்களுடைய கவலையிலிருந்துதான் இது தொடங்கியது. ஆனால் கருந்திரை அவர்களின் சிக்கல் அந்த வரியில் மட்டும் இல்லை என்பதால், முதலில் இருப்பதை விளக்கிவிடுகிறேன்.

கணினிகளின் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், எல்லோரும் 6 மணி என்று எழுதி வைத்தாலும் வேலைகள் தாமாகவே சில நிமிடங்கள் முன்பின்னாகச் சிதறிவிடும். இன்று என்டிபி என்ற நேர ஒத்திசைவு நெறிமுறை வழியாக ஏறக்குறைய எல்லாக் கடிகாரங்களும் ஒரு நொடிக்கும் குறைவான வேறுபாட்டில் ஒத்துப்போகின்றன. 10,000 இயந்திரங்கள் சரியாக 06:00:00 மணிக்கு ஒரு மிரரின் கதவைத் தட்டினால், ஒவ்வொன்றும் ஒரு மெகாபைட் மட்டுமே கேட்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஓரிரு நொடிகளில் 10 ஜிகாபைட் வெளியேற வேண்டும். அதே 10,000 இயந்திரங்களை ஒரு மணி நேரத்துக்குள் சிதறவிட்டால் நொடிக்கு மூன்றுக்கும் குறைவான இயந்திரங்களே வரும். 12 மணி நேரத்துக்குச் சிதறவிட்டால் நான்கு நொடிக்கு ஒன்று வரும். மிரருக்கு அது ஒரு சுமையே இல்லை.

இதற்காக, சேவைகளையும் டைமர்களையும் இயக்கும் சிஸ்டம்டியின் 229ஆம் பதிப்பில், 2016-இல், ரேண்டமைஸ்டு-டிலே-செக் என்ற அமைப்பு வந்தது. சுழிக்கும் நீங்கள் கொடுக்கும் மதிப்புக்கும் இடையில், எந்தப் புள்ளிக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி ஒரு தாமதத்தைத் தேர்ந்தெடுத்து, குறித்த நேரத்தோடு அது கூட்டுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குலுக்கல் நடக்கும். டீமன்-ரீலோடு கொடுத்தாலும் மீண்டும் குலுக்கல் நடப்பதால்தான் நீங்கள் பார்த்த அடுத்த நேரம் மாறுகிறது.

டெபியன் குடும்பத்தில் இரண்டு டைமர்கள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஆப்ட்-டெய்லி டைமர் பொதிப் பட்டியலைப் புதுப்பித்து, தேவையானால் பொதிகளைப் பதிவிறக்குகிறது. அதன் நேரம் 6 மணியும் 18 மணியும், சமவாய்ப்புத் தாமதம் 12 மணி நேரம். இரண்டையும் சேர்த்தால் நாள் முழுவதும் சீராக நிரம்பிவிடும். மிரரைப் பொறுத்தவரை நெரிசல் நேரம் என்ற ஒன்றே இருக்காது. ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் டைமர்தான் உண்மையில் பொதிகளை நிறுவுகிறது. அதன் நேரம் 6 மணி, தாமதம் 60 நிமிடம். உங்கள் சேவைகளை மறுதொடக்கம் செய்ய வைப்பது இந்த இரண்டாவது டைமர்தான், அது 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில்தான் ஓடும். 9 மணி, 4 மணி என்று நீங்கள் பதிவேட்டில் பார்த்தவை பட்டியல் பதிவிறக்கமாக இருக்க வேண்டும். அதனால் எந்தச் சேவையும் அசைவதில்லை.

இன்னொன்று: இந்த 6 மணி அந்த இயந்திரத்தின் உள்ளூர் நேரம். சர்வர் படிமங்கள் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் அமைக்கப்பட்டிருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கருந்திரை:

மிக்க நன்றி ஐயா. பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளை வழியாக இரண்டு சேவைகளையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோல் நிறுவல் ஒவ்வொரு நாளும் 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில்தான் நடந்திருக்கிறது. ஆனால் பட்டியல் பதிவிறக்கத்தில் ஒன்று புரியவில்லை. நாளுக்கு இரண்டு முறை டைமர் அடிக்கிறது. இருந்தும் ஒரு சர்வரில் 40 மணி நேரத்துக்கு மேல் பட்டியல் புதுப்பிக்கப்படாமல் இருந்திருக்கிறது. 12 மணி நேரத் தாமதத்தை வைத்துக் கணக்கிட்டால் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே அதிகபட்சம் 24 மணி நேரம்தானே வர வேண்டும்?

பொதிக்காவலர்:

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். டைமர் அடிப்பதும் பட்டியல் புதுப்பிக்கப்படுவதும் ஒன்றல்ல.

டைமர் அடித்ததும் ஓடுவது ஆப்ட்.சிஸ்டம்டி.டெய்லி என்ற ஸ்கிரிப்ட். அது நேராக வேலையில் இறங்குவதில்லை. முந்தைய ஓட்டத்தின் அடையாளமாக வார்-லிப்-ஆப்ட்-பீரியாடிக் அடைவில் ஒரு முத்திரைக் கோப்பு இருக்கும். அந்தக் கோப்பின் தேதியின் நள்ளிரவையும் இன்றைய தேதியின் நள்ளிரவையும் ஒப்பிட்டு, இடைவெளி ஆப்ட் பீரியாடிக் அமைப்பில் நீங்கள் குறித்த நாள்களை எட்டியிருந்தால் மட்டுமே மேலே செல்லும். அங்கே 1 என்று இருந்தால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை அது நாட்காட்டித் தேதிக்கு ஒருமுறை.

இப்போது ஒரு மோசமான வரிசையை எடுத்துக்கொள்வோம். திங்கள் 18 மணிக்குரிய டைமர், தாமதம் கூடி, செவ்வாய் 00:10-க்கு அடிக்கிறது. பட்டியல் புதுப்பிக்கப்பட்டு, முத்திரையில் செவ்வாயின் தேதி விழுகிறது. செவ்வாய் காலை 6 மணிக்குரியது எப்போது அடித்தாலும், இன்று ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று திரும்பிவிடும். செவ்வாய் 18 மணிக்குரியது தாமதம் குறைவாக விழுந்து 19:00-க்கு அடித்தால், இன்னும் செவ்வாய்தான் என்பதால் அதுவும் திரும்பிவிடும். புதன் காலை 6 மணிக்குரியது நீண்ட தாமதம் பெற்று 17:50-க்கு அடித்தால்தான் அடுத்த புதுப்பிப்பு. இடைவெளி 41 மணி 40 நிமிடம். நீங்கள் பார்த்தது இதுதான்.

தணிக்கையாளருக்கான கணக்கையும் இதிலேயே போட்டுவிடலாம். செவ்வாய் 00:20-க்கு ஒரு திருத்தம் வெளியாகிறது என்று கொள்ளுங்கள். அது உங்கள் பட்டியலில் தோன்றுவது புதன் 17:50-க்கு. புதன் காலை 6 மணி நிறுவல் ஓட்டம் அதற்குள் முடிந்துவிட்டது. ஆகவே வியாழன் காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில்தான் நிறுவப்படும். மொத்தம் ஏறக்குறைய 54 மணி நேரம். "தினமும் தானாகப் புதுப்பிக்கப்படுகிறது" என்று ஆவணத்தில் எழுதியிருக்கும் பல இடங்களில் உண்மையான உச்ச வரம்பு இரண்டேகால் நாள். இதற்கு 12 மணி நேரத் தாமதம் மட்டும் காரணமில்லை. ஒன்றை ஒன்று அறியாத இரண்டு குலுக்கல்கள் வரிசையில் நிற்கின்றன, அவற்றின் நடுவே தேதியைப் பார்க்கும் ஒரு காவலாளி இருக்கிறார்.

நிறுவல் சேவையின் கோப்பில் ஆப்டர் என்று பதிவிறக்கச் சேவையைக் குறித்திருப்பதால் வரிசை தானாகக் காக்கப்படும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த வரி, இரண்டும் ஒரே சமயத்தில் தொடங்கக் காத்திருந்தால் எது முதலில் என்பதை மட்டுமே தீர்மானிக்கும். இன்னும் அடிக்காத டைமருக்காக அது காத்திருக்காது.

அந்த முத்திரைச் சரிபார்ப்புப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சில நேர மண்டலங்களில் குறிப்பிட்ட தேதிகளில் நள்ளிரவு என்ற நேரமே இல்லாததால் டேட் கட்டளை பிழை தருவதையும், அதைச் சமாளிக்க முத்திரைக் கோப்பையே அழித்துவிடுவதையும் எழுதியவர்கள் குறிப்பில் சொல்லியிருக்கிறார்கள். நள்ளிரவை நம்பி நிரல் எழுதுவது எவ்வளவு சங்கடம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

செந்தொப்பி:

ஃபெடோரா, ரெட்ஹேட் பக்கத்திலிருந்து சில சொற்கள். அங்கே தானாகப் புதுப்பிக்கும் டிஎன்எஃப்-ஆட்டோமேட்டிக் டைமரும் 6 மணி, 60 நிமிடத் தாமதம் என்றுதான் வருகிறது. ஆனால் பட்டியலை எடுப்பதும் நிறுவுவதும் ஒரே சேவைக்குள் அடுத்தடுத்து நடப்பதால், பொதிக்காவலர் விவரித்த இரண்டு குலுக்கல் சிக்கல் இங்கே எழுவதில்லை. அமைப்புக் கோப்பில் ரேண்டம்-ஸ்லீப் என்று இன்னொரு தாமதமும் உண்டு. அதன் இயல்பு மதிப்பு சுழி. டைமரின் தாமதத்தோடு அதையும் கூட்டிவிட வேண்டாம்.

அடுக்கடுக்கான தாமதம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் ரெட்ஹேட் ஏழாம் பதிப்பைப் பாருங்கள். தினசரி வேலைகளைத் தொடங்கிவைக்கும் அனக்ரான் 3 மணிக்கு மேல் எழும். தினசரி வேலைகளுக்கு 5 நிமிட நிலையான தாமதம், அதன் மேல் 45 நிமிடம் வரை சமவாய்ப்புத் தாமதம். அதற்குப் பிறகு, பொதிகளைப் புதுப்பிக்கும் யம்-கிரான் தன் பங்குக்கு 360 நிமிடம் வரை உறங்கும். காலை 10 மணியை நெருங்கிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், ரன்-பார்ட்ஸ் என்ற கருவி, அடைவில் இருப்பவற்றைப் பெயர் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்டும். யம் வேலையின் பெயர் சுழியில் தொடங்குவதால் அது முதலில் போய்ப் படுத்துக்கொள்ளும், பதிவுக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரோட்டேட் உட்பட மற்றவை அதன் பின்னால் காத்துக் கிடக்கும். அந்தப் பதிப்பின் பராமரிப்பு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது என்றாலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு.

பொதிக்காவலர்:

ஆப்டும் இதே வழியில் நடந்து வந்ததுதான். சிஸ்டம்டி இல்லாத இயந்திரங்களில் கிரான் டெய்லி வழியாக ஓடும்போது 1800 நொடி வரை உறங்கும், அதன் பின்னால் இருப்பவை காத்திருக்கும். தாமதத்தை வேலைக்குள் வைக்காமல் வேலையைத் தொடங்குபவரிடம் வைத்ததே டைமர்கள் செய்த பெரிய உதவி.

மணிக்கூண்டு:

குலுக்கல் ஒவ்வொரு நாளும் மாறுவதுதான் தொல்லை என்றால், அதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. சிஸ்டம்டி 247ஆம் பதிப்பில் ஃபிக்ஸ்டு-ரேண்டம்-டிலே வந்தது. அதை எஸ் (ஆம்) என்று வைத்தால், தாமதம் இயந்திரத்தின் மெஷின்-ஐடி என்ற தனி அடையாளத்திலிருந்தும் டைமரின் பெயரிலிருந்தும் கணக்கிடப்படும். இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். ஆனால் ஒரே இயந்திரத்தில் எந்நாளும் மாறாது. மிரருக்குச் சிதறலும் கிடைக்கும், நமக்கு இந்த சர்வர் எப்போதும் 02:37-க்குத்தான் ஓடும் என்ற உறுதியும் கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். கருந்திரை அவர்கள் ஒரே படிமத்திலிருந்து சர்வர்களை உருவாக்குவதாகச் சொன்னார். அந்தப் படிமத்தில் மெஷின்-ஐடி கோப்பு நிரம்பிய நிலையில் இருந்தால், அதிலிருந்து பிறந்த அத்தனை சர்வர்களுக்கும் ஒரே அடையாளம் இருக்கும். ஆகவே ஒரே தாமதமும் இருக்கும். ஃபிக்ஸ்டு-ரேண்டம்-டிலே வைத்த மறுநாள் எல்லாம் ஒரே நொடியில் எழுந்து நிற்கும். படிமத்தை மூடும் முன் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிட வேண்டும் (அழித்துவிடாமல் வெறும் கோப்பாக விடுங்கள்). முதல் தொடக்கத்தில் புதிய அடையாளம் உருவாகும்.

இரண்டாவது, எப்போதும் இயங்கிக்கொண்டிருக்காத இயந்திரங்களைப் பற்றியது. பெர்சிஸ்டென்ட் அமைப்பு இருப்பதால், அணைந்திருந்தபோது தவறிய ஓட்டம் தொடங்கியவுடன் ஈடுசெய்யப்படும் என்று நாம் நினைக்கிறோம். ஈடுசெய்யப்படும், ஆனால் அதுவும் சமவாய்ப்புத் தாமதத்துக்கு உட்பட்டே நடக்கும். தொடங்கிய நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் என்பதுதான் அதன் பொருள். ஒரு மடிக்கணினி ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் மட்டுமே இயங்கி அணைக்கப்படுகிறது என்றால், அந்த இரண்டு மணி நேரத்துக்குள் குலுக்கல் விழ ஆறில் ஒரு வாய்ப்பே உண்டு. அணைத்துத் தொடங்கினால் மறுபடியும் புதிய குலுக்கல். அப்படிப்பட்ட கணினியில் ஃபிக்ஸ்டு-ரேண்டம்-டிலே வைத்து, அதன் பங்காக 9 மணி நேரம் வந்துவிட்டால், பட்டியல் ஒருநாளும் புதுப்பிக்கப்படாது. ஆகவே இந்த அமைப்பை எப்போதும் இயங்கும் சர்வர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேர்ப்பயனர்:

இத்தனை விளக்கத்துக்குப் பிறகும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. எங்களிடம் சொந்த மிரர் இருக்கிறது. வெளியே போவது அது ஒன்றுதான். உள்ளே எல்லா இயந்திரங்களும் அதிவேகப் பிணையத்தில் அதனிடம் எடுத்துக்கொள்கின்றன. பொது மிரருக்கு எந்தச் சுமையும் இல்லாதபோது தாமதம் எதற்கு?

மணிக்கூண்டு:

உங்கள் மெய்நிகர் இயந்திரங்கள் எத்தனை ஒரே வன்பொருளில் அமர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். பிணையம் தாங்கும்; வட்டு தாங்காது. பொதிகளை விரிப்பதும், ஒவ்வொரு கோப்பையும் வட்டில் உறுதிப்படுத்துவதும், புதிய கெர்னலுக்கான (இயங்குதளக் கருவுக்கான) இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கக் கோப்பைக் கட்டுவதும் எல்லா விருந்தினர் இயந்திரங்களிலும் ஒரே நிமிடத்தில் நடந்தால், புதுப்பிப்போடு தொடர்பே இல்லாத தரவுத்தளமும் சேர்ந்து திணறும். பகிரப்படும் வளம் எதுவோ அதற்கேற்பத் தாமதத்தின் அளவை வையுங்கள். உங்கள் நிலையில் 12 மணி நேரம் மிகை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; சுழி என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பழுதான பொதி ஒன்று வந்தால் எல்லா இயந்திரங்களும் ஒரே கணத்தில் விழும் என்பது வேறு.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கமும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. சமவாய்ப்பு இருந்தால் இரண்டு இயந்திரங்கள் மோதிக்கொள்ளாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் இரண்டு சர்வர்கள், 60 நிமிடச் சாளரம், ஒவ்வொன்றிலும் 5 நிமிட வேலை என்று கொண்டால், இரண்டும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 16 விழுக்காடு. வாரத்துக்கு ஒருமுறை மோதல் எதிர்பார்க்கலாம். அப்படிப்பட்ட இணைகளுக்குக் குலுக்கலை நம்பாமல் வெவ்வேறு நாள்களையோ மணிகளையோ கையால் எழுதிவிடுவதே நல்லது.

வேர்ப்பயனர்:

வட்டுச் சுமையைப் பற்றிச் சொன்னது நியாயம். 20 நிமிடம் வைக்கிறேன். அதற்கு மேல் இல்லை.

நிரல்வழி:

கிரான்டாப் வரியைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு வரியில் மூன்று பொறிகள் ஒளிந்திருக்கின்றன. வழக்கமாக எழுதுவது இதுதான்: ஸ்லீப் கட்டளை, இரட்டை அடைப்புக்குள் ரேண்டம் என்ற மாறி, விழுக்காட்டுக் குறி, 3600; அதற்குப் பின் உண்மையான கட்டளை.

முதல் பொறி, விழுக்காட்டுக் குறி. கிரான்டாப்பில் அந்தக் குறிக்குத் தனிப்பொருள் உண்டு. முன்னால் பின்சாய்கோடு இல்லையென்றால் அது வரிமுறிவாகக் கொள்ளப்பட்டு, அதற்குப் பின்னால் உள்ளவை கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். அடைப்பு மூடாமல் கட்டளை அறுந்து, தொடரியல் பிழையோடு நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தி மின்னஞ்சலாக ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குப் போகும். அஞ்சல் அனுப்பும் வசதி அமைக்காத சர்வரில் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. கருந்திரை அவர்களின் வேலை தடயமில்லாமல் மறைந்தது இதனால்தான் என்று கருதுகிறேன்.

குறியைச் சரிசெய்தபின் இரண்டாம் பொறி காத்திருக்கிறது. கிரான் இயல்பாகப் பயன்படுத்துவது பின்-எஸ்எச் என்ற ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்). டெபியனிலும் உபுண்டுவிலும் அது டாஷ். ரேண்டம் என்ற மாறி பாஷ் என்ற ஷெல்லில் உண்டு, டாஷில் இல்லை. இல்லாத மாறி கணக்கீட்டில் சுழியாகக் கொள்ளப்படுவதால் தாமதம் எப்போதும் சுழியே. பிழைச் செய்திகூட வராது. எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல் தோன்றும், எல்லா இயந்திரங்களும் ஒரே நொடியில் மிரரைத் தட்டும்.

கிரான்டாப்பின் தலையில் ஷெல் பாஷ் என்று குறித்து அதையும் தாண்டிவிட்டால் மூன்றாவது. பாஷின் ரேண்டம் 0 முதல் 32767 வரைதான் தரும். 12 மணி நேரத்துக்குச் சிதறவிட நினைத்து 43200 என்று எழுதினால், உண்மையில் கிடைப்பது 9 மணி 6 நிமிடம் 7 நொடி வரைதான். மீதிச் சாளரம் காலியாகவே கிடக்கும். டெபியனின் செர்ட்பாட் பொதி தன் கிரான் கோப்பில் பெர்ல் மொழியின் ரேண்ட் செயற்கூறை அழைத்து 43200 நொடிக்குள் உறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பொறிகளில் ஒன்றுகூட அந்த வழியில் இல்லை.

கிரானின் ஒரு வடிவமான கிரானியைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. நிமிடத்துக்கான இடத்தில் 0~59 என்று எழுதினால், கிரான்டாப் ஏற்றப்படும்போது ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, மறுபடி ஏற்றப்படும் வரை அதையே வைத்துக்கொள்ளும்.

கருந்திரை:

நிரல்வழி அவர்களுக்கு நன்றி. அந்த வரியில் பின்சாய்கோடு இல்லை என்பதைப் பார்த்துவிட்டேன். அதை நீக்கிவிட்டு டைமராக மாற்றப்போகிறேன்.

இதுவரை பேசியதை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். பதிவிறக்க டைமருக்கு 22:00, சமவாய்ப்புத் தாமதம் 10800 நொடி. அதாவது 01:00-க்குள் எல்லா சர்வர்களும் பட்டியலை எடுத்துவிடும். நிறுவல் டைமருக்கு 02:00, தாமதம் 900 நொடி. இரண்டிலும் ஃபிக்ஸ்டு-ரேண்டம்-டிலே. மூலக் கோப்புகளைத் தொடாமல் சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாக மேலடுக்காக எழுதுகிறேன். பதிவிறக்கம் எவ்வளவு சிதறினாலும் யாருக்கும் தெரியாது, நிறுவல் மட்டும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வரைவின் எண்ணம்.

பொதிக்காவலர்:

எண்ணம் சரியானது. சிதறலைப் பதிவிறக்கத்தில் தாராளமாக வைத்து, நிறுவலை இறுக்கிப் பிடிப்பதுதான் நானும் பரிந்துரைக்க நினைத்தது. ஆனால் வரைவில் மூன்று இடங்களைத் திருத்த வேண்டும்.

உங்கள் பதிவிறக்கச் சாளரம் நள்ளிரவைத் தாண்டுகிறது. தேதி பார்க்கும் காவலாளியை மறந்துவிடாதீர்கள். நிலையான தாமதம் வைத்த பிறகு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது என்றாலும், தாமதம் இரண்டு மணி நேரத்தை ஒட்டி விழும் சர்வர் ஒன்று, ஒரு நாள் 00:00:30-க்கும் அதே நாள் இரவு 23:59:40-க்கும் ஓடக்கூடும், ஏனெனில் டைமர் எவ்வளவு பிந்தலாம் என்று கூறும் அக்யூரசி-செக் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு ஒரு நிமிடம். அப்படி ஓடினால் இரண்டும் ஒரே தேதியில் விழுந்து, இரண்டாவது தவிர்க்கப்பட்டுவிடும். நிலையான தாமதம் இல்லாமல் குலுக்கல் முறையில் விட்டிருந்தால் இது அடிக்கடி நடக்கும். சாளரத்தை 20:00 முதல் 23:00 வரை நகர்த்திவிடுங்கள். அல்லது ஆப்ட் பீரியாடிக் பட்டியல் புதுப்பிப்பு மதிப்பை 1 என்பதற்குப் பதிலாக ஆல்வேஸ் என்று வையுங்கள். முத்திரையைப் பார்க்காமல் டைமர் அடிக்கும்போதெல்லாம் ஓடும். இரண்டையும் செய்தாலும் பிழையில்லை.

இரண்டாவது, மேலடுக்கில், ஓட வேண்டிய நேரத்தைக் குறிக்கும் ஆன்-கேலெண்டர் வரியை எழுதும் முன் அதே பெயரில் வெற்று வரி ஒன்றை எழுத வேண்டும். அந்த அமைப்பு பட்டியலாகச் சேர்ந்துகொண்டே போகும் வகை. வெற்று வரி இல்லையென்றால் பழைய 6 மணியும் 18 மணியும் அப்படியே நிற்க, உங்கள் 20 மணி மூன்றாவதாகச் சேரும். தாமதத்துக்கான வரி ஒற்றை மதிப்பு என்பதால் நேராக மாற்றிக்கொள்ளும். எழுதி முடித்ததும் சிஸ்டம்சிடிஎல் கேட் கொடுத்து இரண்டடுக்கையும் சேர்த்துப் படித்துவிடுங்கள். அடுத்த ஓட்டம் எப்போது என்பதை லிஸ்ட்-டைமர்ஸில் பாருங்கள், அது தாமதத்தையும் சேர்த்துக் காட்டும். சிஸ்டம்டி-அனலைஸ் கேலெண்டர் நாட்காட்டி வெளிப்பாட்டை மட்டுமே கணக்கிடும், தாமதம் அதற்குத் தெரியாது.

மூன்றாவது, அந்த அக்யூரசி-செக். சிதறல் முழுமையாக வேண்டுமானால் ஒரு மைக்ரோநொடி என்று வைக்கும்படி சிஸ்டம்டி கையேடே சொல்கிறது.

இப்படி அமைத்தால் தணிக்கையாளருக்கான வரம்பு 54 மணி நேரத்திலிருந்து நன்றாக இறங்கிவிடும். பட்டியல் எடுத்த கணத்துக்கு அடுத்த நொடியில் ஒரு திருத்தம் வெளியானால், மறுநாள் அதே நேரத்தில் பட்டியலில் வந்து, அதற்கடுத்த 02:00 முதல் 02:15-க்குள் நிறுவப்படும். 20 மணிக்கே எடுக்கும் சர்வருக்கு அது 30 மணி 15 நிமிடம். 23 மணிக்கு எடுப்பதற்கு 27 மணி 15 நிமிடம். மிரர் தன் மூலத்திலிருந்து பெறுவதற்கு ஆகும் நேரத்தை மட்டும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

செந்தொப்பி:

உபுண்டு சர்வர்களில் பாதுகாப்பு அல்லாத புதுப்பிப்புகள் சில நிறுத்தி வைக்கப்பட்டதாகக் காட்டினால் அதை இந்தத் தாமதத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது படிப்படியாக வெளியிடும் முறை. அதுவும் மெஷின்-ஐடியை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது.

கருந்திரை:

20:00 முதல் 23:00 வரை என்று மாற்றி, ஆல்வேஸ் மதிப்பையும் வைத்துவிட்டேன். படிமத்தின் மெஷின்-ஐடியையும் காலியாக்கியாகிவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் இரண்டு ஒரே அடையாளத்தோடு இருந்தன. இன்னும் ஒரு கேள்வி. கெர்னல் புதுப்பிப்புக்குப் பின் தானாக மறுதொடக்கம் ஆவதற்கு ஆட்டோமேட்டிக்-ரீபூட்-டைம் என்ற இடத்தில் 03:00 என்று எழுதலாமா? அதற்கும் இந்தச் சிதறல் பொருந்துமா?

மணிக்கூண்டு:

பொருந்தாது. அந்த நேரம் அப்படியே ஷட்டவுன் கட்டளைக்குக் கொடுக்கப்படுகிறது, அதில் குலுக்கல் எதுவும் இல்லை. எல்லா சர்வர்களிலும் 03:00 என்று எழுதினால் எல்லாம் 03:00-க்கே விழுந்து எழும். உங்கள் அமைப்பு மேலாண்மைக் கருவியில் சர்வரின் பெயரிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, 02:45-க்கும் 03:40-க்கும் இடையில் ஆளுக்கொரு நிமிடமாக எழுதிவிடுங்கள். ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் இணைகளை மட்டும் கையால் பிரித்து, ஒன்றை 02:45-க்கும் மற்றதை 03:30-க்கும் வையுங்கள்.